ஊழியர் குடும்பம்

...ஆயுள் உறுப்பினருக்கும் முடிவுத் தேதி கேட்கிறது இந்தக் கணினி, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் ஓரம் சிவக்கிறது, மேலே போக விடமாட்டேன் என்கிறது, ஆயுளுக்கு என்ன தேதியைப் போடுவது, முதலில் யாருடைய ஆயுள், நீந்துகிறவருடையதா இந்தக் கிளப்பினுடையதா, போன வாரம்கூட அந்த ஓய்வுபெற்ற நீதிபதி, தினமும் குளத்தில் இறங்கி மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டு ஒரு முழம்கூட நீந்தாமல் ஏறிப்போகிறவர், இதே கேள்வியைத்தான் கேட்டார், "நான் முந்தியா, கிளப் முந்தியா, அதை மட்டும் சொல்லும்மா" என்று. நீச்சல் கிளப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. காலையிலிருந்து இதே வேலை, அலமாரியில் இருந்த பழைய அட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுகிறார்கள், மாற்றுகிறார்கள் என்றால் நான் மாற்றுகிறேன், "உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். முதலில் உறுப்பினர் வகைகளை உண்டாக்க வேண்டுமாம், வகை இருந்தால்தான் ஆளைச் சேர்க்க முடியுமாம், தனிநபர், தம்பதி, குடும்பம், மாணவர், மூத்தோர், ஆயுள். மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் வழி சொல்கிறாள், முகம் பார்த்ததில்லை, குரலில் எப்போதும் ஒரு ஜலதோஷம். "ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுன்னு போட்டுடுங்க மேடம், அதுக்குள்ள உங்க கிளப்புல வேற சாஃப்ட்வேர் மாத்திடுவாங்க" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், போட்டேன், சிவப்பு போய்விட்டது. எவ்வளவு சுலபம். சிரித்த வாயை மூட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது, உதடு காய்ந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசில் ஊதுகிறார் நீச்சல் மாஸ்டர். என் மேசை சுவரைப் பார்த்தபடி இருந்தது, நான்தான் திருப்பிப் போட்டேன், வெளிச்சம் வரட்டும் என்று காரணம் சொன்னேன், யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது தலையைத் தூக்கினால் குளம், சாயங்காலப் பிள்ளைகள், சுவரோரத்து வரிசையில் மஞ்சள் தொப்பி. அதுதான் குருவி. குருவி என் மகள்... இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, சொல்ல மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன், இருந்தும் மனசுக்குள் ஒவ்வொரு தடவையும் வாக்கியம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது, பிறகுதான் அடித்துத் திருத்துகிறேன். குருவி என்னுடைய முன்னாள் கணவரின் மகள். பெற்றவள் அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஜுரத்தில் போய்விட்டாள். கல்யாணப் பேச்சுக்காக நான் முதல் தடவை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூன்று வயது, குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்று என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், சரி, காலையே பார்க்கட்டும் என்று நான் கால் விரல்களை ஆட்டிக் காட்டினேன், ஒவ்வொன்றாக, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன், தாலி கட்டின நேரமெல்லாம் எனக்குக் கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது, இது அப்படியே இருக்கிறது. இப்போது அவளுக்குப் பதினொன்று. போன வருஷம் நாங்கள் பிரிந்தோம். சத்தம் இல்லை, சண்டை இல்லை, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே ஆட்டோவில்கூட வந்திருப்போம், அவர்தான் வேண்டாம் என்றார். குழந்தையைப் பற்றிக் கேட்டபோது வக்கீலம்மா பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள், "சட்டப்படி நீங்க அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லைங்க." அவளைக் குற்றம் சொல்ல முடியாது, சட்டம் அவள் எழுதினதா... ஆனால் பேனாவை மூடாமல் சொல்லியிருக்கலாம்.

அவர் கெட்டவர் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள், என் அக்கா இருக்கிறாளே, "நீ இன்னும் அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டே இரு" என்பாள், பரிவு இல்லை, உண்மை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் எழுந்த இடத்திலேயே நின்று, "நாம ரெண்டு பேரும் அவளுக்காக மட்டும்தான் ஒண்ணா இருக்கோம், இல்ல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த மனுஷர் அதற்காகத்தான் நின்றார், ஈரக் கையோடு நின்றார். ஆனால் அவர் அதை ஏதோ குறை மாதிரிச் சொன்னார், எனக்கு அது குறையாகப் படவே இல்லை, அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது, அந்த நினைப்பு முகத்தில் ஓடியிருக்க வேண்டும். "என்னைப் பாத்து நீ ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல" என்றார் பிறகு. எப்படி என்று நான் கேட்கவில்லை. எப்படி என்று எனக்கும் தெரியும், குருவி பள்ளிக்கூட வேனிலிருந்து பையோடு குதிக்கிறபோது வருகிற சிரிப்பு அது, அதை வேறு யாருக்கும் வரவழைக்க எனக்குத் தெரியாது, நடிக்கவும் தெரியாது. சொந்த மகள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவருக்கே அருவருப்பாக இருந்திருக்கும்... பாவம். நிஜமாகவே பாவம். அவரை விட்டதில் எனக்குத் தூக்கம் கெடவில்லை, அதைச் சொல்லவும் எனக்கு வெட்கம். குருவியின் தலையணையில் எண்ணெய்க்கறை இருக்குமே, அந்த உறையை மட்டும் துணிகளோடு துணியாகச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டேன், அவள் அதைத் தேடினாளோ என்னவோ, அதுதான் உறுத்துகிறது.

அடுத்து எது... ஊழியர் குடும்பம். இதைத்தான் காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைக்கிறேன். இந்தக் கிளப்பில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டார் சும்மாவே நீந்தலாம், அது வழக்கம், அந்த வழக்கத்தில்தான் குருவியை ஐந்து வயதில் கூட்டி வந்தேன். தண்ணீரைக் கண்டால் பயம் அவளுக்கு, தலையில் ஊற்றினாலே மூச்சுப் பிடித்துக்கொள்வாள். விசில் மாஸ்டர் "விடுங்க, அழுதா அழட்டும்" என்றார், நான் விடவில்லை, அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டேன், அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டுதான் முதலில் மிதந்தாள், கையைப் பிடிக்கச் சொன்னால் மாட்டாள், கால்தான் வேண்டும். அப்படி மிதந்தவள்தான் இப்போது போட்டிக்குப் போகிற அணியில் இருக்கிறாள். நாங்கள் பிரிந்த பிறகும் அந்த அட்டை அப்படியே அலமாரியில் என் பெயரோடு கிடந்தது, யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, நான் எடுத்துக் காட்டவும் இல்லை. ஆரம்பத்தில் சனிக்கிழமைகளில் அவளை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார், பிறகு பரீட்சை என்றார், பிறகு அத்தை வந்திருக்கிறாள் என்றார், தன் அக்காவைத்தான் அப்படிச் சொன்னார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார், நான் கேட்பதையும் விட்டுவிட்டேன், எதில் யார் முதலில் விட்டது... இப்போது எனக்கு மிச்சம் இருப்பது இந்தக் கண்ணாடி. அவள் வருவாள், நீந்துவாள், அவர் கார் வெளியே நிற்கும், போவாள். நடுவில் எப்போதாவது தொலைந்த நீச்சல் கண்ணாடிக்கோ பூட்டின பெட்டியின் சாவிக்கோ இங்கே வந்து நிற்பாள், என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள், "சாவி வேணும்." மற்ற பிள்ளைகள் மேடம் என்பார்கள், ஆன்ட்டி என்பார்கள், அவள் எதுவும் சொல்ல மாட்டாள். மேடம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயந்துகொண்டே சாவியை எடுத்துக் கொடுப்பேன்.

மத்தியானம் செயலாளர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "ஊழியர் குடும்பம்னா கணவன், மனைவி, சொந்தப் பிள்ளைங்க. கமிட்டி தீர்மானத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். சொந்தம் என்கிற வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க விஷயம்... மகள்னே போட்டுக்கோங்க. யாரு வந்து கேக்கப் போறா." நல்ல மனுஷர், என் மேல் இரக்கம், அந்த இரக்கத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரியாது, காலையிலேயே போன் வந்துவிட்டது. குருவியின் அப்பாதான். குரலைச் சரிப்படுத்திக்கொண்டு பேசினார், எண்ணைத் தேடிப் பார்த்து யாரோ ஒரு ஆபீஸுக்குப் பேசுகிற மாதிரி. "நாங்க மூணு பேரும் குடும்ப மெம்பர்ஷிப் எடுத்துக்கறோம். அவளும் வருவா இனிமே." அவளும் என்றால் அவர் இப்போது கல்யாணம் செய்துகொண்டிருக்கிற பல் டாக்டர். "குருவியையும் அதுலயே சேத்துடு. அவளுக்கு எல்லாம் ஒரே இடமா இருக்கட்டும்." சரி என்றேன். "உனக்குச் சங்கடமா இருந்தா வேற யாரையாச்சும்..." "ஆபீஸே நான்தான்" என்றேன், சிரிக்கிற மாதிரிச் சொன்னேன், அவரும் சிரித்தார், ஏழு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்ததைவிட இந்த ஒரு வருஷத்தில் போனில் சிரித்தது அதிகம்.

இரண்டிலும் சேர்த்துவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது, அவருடைய குடும்பத்திலும் இருக்கட்டும், இந்தப் பக்கம் என் பெயருக்குக் கீழேயும் ஓரமாக இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம். முதலில் ஊழியர் குடும்பத்தில் என்னைப் போட்டு, உறவு என்கிற இடத்தில் மகள் என்று தேர்ந்தெடுத்து அவளைச் சேர்த்தேன், கணினி ஒரு கேள்வி கேட்கவில்லை, வக்கீலைவிட நல்லது என்று நினைத்தேன். பிறகு அவர்கள் குடும்பத்தைத் திறந்து அதிலும் சேர்க்கப் போனால் குறுக்கே ஒரு பெட்டி வந்து நின்றது, இந்த நபர் ஏற்கெனவே ஒரு குடும்பத்தில் உள்ளார். ஜலதோஷக் குரலைக் கூப்பிட்டேன். "ஒரு ஆள் ஒரு குடும்பத்துலதான் மேடம் இருக்க முடியும், சிஸ்டம் ஒத்துக்காது" என்றாள். "ரெண்டு வீட்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டேன், நான்தான் கேட்டேனா, குரல் யாருடையதோ போல இருந்தது. அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேக்கலையே மேடம்... எழுதி அனுப்பட்டுமா, அடுத்த அப்டேட்ல வந்தாலும் வரும்." வேண்டாம், சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த அப்டேட்டில் வந்தாலும் வரும். வந்தால் என்ன செய்வார்கள், இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி போடுவார்களா...

அப்போதுதான் பல் டாக்டர் உள்ளே வந்தாள், அட்டைக்குப் புகைப்படம் எடுக்க. கதவைத் தட்டிவிட்டு வந்தாள், இந்த அலுவலகத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. குருவியின் பல்லுக்குக் கம்பி போட அந்த மருத்துவமனையை விசாரித்து, போன் செய்து, நேரம் வாங்கிக் கொடுத்ததே நான்தான், நல்ல டாக்டர், வலிக்காமல் பார்ப்பாள் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவர்களுக்குள் பழக்கம் வந்தது நாங்கள் பிரிந்த பிறகுதான், அதை நான் நம்புகிறேன், நம்பாமல் இருக்க முயற்சி செய்து பார்த்தும் நம்பத்தான் முடிகிறது, இவள் முகம் அப்படி. வெள்ளைச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். ஊருக்கெல்லாம் பல்லைச் சீராக்குகிறவள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேமராவை நிமிர்த்தினேன், கொஞ்சம் இடது பக்கம் என்றேன், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கச் சொன்னேன், நானே எழுந்துபோய் ஒதுக்கிவிடப் பார்த்தேன், கை பாதி தூரம் போய்த் திரும்பியது. "ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்காதீங்க" என்றாள். கேளுங்க என்றேன்.

"குருவி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறா. பேசாம இருக்கான்னு இல்ல, நல்லாத்தான் பேசறா, ஸ்கூல் கதையெல்லாம் சொல்றா. ஆனா கூப்பிடணும்னா கிட்ட வந்து நின்னுக்கறா. நான் திரும்பிப் பாக்கற வரைக்கும் நிக்கறா. நேத்து நான் போன்ல இருந்தேன், தண்ணி பாட்டிலைத் திறக்க முடியாம கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டு இருந்திருக்கா, எவ்வளவு நேரம்னுகூடத் தெரியல."

எனக்குக் கேமராவின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, ஒளிந்துகொண்டேன்.

"அவளோட அத்தை, என்னைச் சித்தின்னு கூப்பிடச் சொன்னாங்க. அதுக்கு இவ, 'சித்திதான் இருக்காங்களே'ன்னுட்டா." பல் டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோவமாச் சொல்லல. பஸ்ல பக்கத்து சீட்டுக்கு ஆள் வருதுன்னு சொல்லுவாங்க இல்ல, அந்த மாதிரி. உங்களை அவ என்னன்னு கூப்பிடுவா?"

என்னன்னு கூப்பிடுவா... சித்தி என்று கூப்பிடச் சொல்லித்தான் அன்றைக்கு எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்று வயது நாக்குக்குச் சி வரவில்லை, தித்தி என்றாள். தித்தி. வளர்ந்து சி நன்றாக வந்த பிறகும் தித்திதான், பள்ளிக்கூட வாசலில் அத்தனை பேர் முன்னால் தித்தீ என்று கத்துவாள், ஒரு டீச்சர் அது என்ன பாஷை என்று கேட்டார்கள், ஜுரம் வந்தால் தி மட்டும்தான் வரும், மீதியை நான் போட்டுக்கொள்வேன். அவருக்கு அது தெரியும், இவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, ஏன் சொல்லவில்லை, மறந்துவிட்டாரா, அல்லது எனக்காக அதையாவது வைத்தாரா. இவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறாள், சொன்னால் அந்த வார்த்தையை எடுத்துக்கொள்ள மாட்டாள், எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள், பத்திரமாக வைப்பாள், அதுகூட எனக்குத் தாங்காது. "சித்தின்னுதான்" என்றேன். பொய் இல்லை. பிறகு என் வாய் தானாக மேலே பேசிக்கொண்டு போனது, "நீங்க எதையும் சொல்லிக்குடுக்காதீங்க. அத்தையையும் சொல்லிக்குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. அவளா ஒண்ணு கண்டுபிடிப்பா. லேட்டாகும், ஆனா கண்டுபிடிப்பா. பாட்டில் மூடியை மட்டும் முன்னாடியே லூசாக்கி வச்சுடுங்க." பல் டாக்டரின் கண் நிறைந்துவிட்டது, வாய் அப்போதும் மூடியே இருந்தது, அந்த நேரம் பார்த்து என் விரல் பொத்தானில் பட்டுப் படமும் விழுந்துவிட்டது. இன்னொன்று எடுக்கட்டுமா என்றேன். "பரவால்ல, இதுவே இருக்கட்டும்" என்று எழுந்தாள். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குளத்தோர பெஞ்சில் போய் உட்காருவதைப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி சுவரைத் தொட்டு நிமிர்ந்தது, இவளைப் பார்த்தது, கை தூக்கவில்லை, பிறகு திரும்பி என் கண்ணாடியைப் பார்த்தது, வெளியே வெயில், உள்ளே நான் இருப்பது அங்கிருந்து தெரியாது, தெரியாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் நான் கையைத் தூக்கிவிட்டேன். அவள் யாருக்கும் கை தூக்காமல் தண்ணீருக்குள் போய்விட்டாள். சித்திதான் இருக்காங்களே... என் நெஞ்சு குளிர வேண்டும், இல்லையா, ஒரு வருஷமாக நான் ஏங்கினது இந்த வாக்கியத்துக்குத்தானே, எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், துண்டு போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் எனக்குக் கண்ணில் வருவது அந்தத் தண்ணீர் பாட்டில்தான். தாகத்தோடு ஒரு பிள்ளை நிற்கிறது, திறந்துகொடு என்று கேட்க ஒரு வார்த்தை இல்லாமல், இருந்த வார்த்தைக்கு நான் ஆளாக இருப்பதால். அந்த வீட்டில் எனக்கு இனி ஒரு தம்ளர்கூட இல்லை, அங்கே போய் என் இடத்தைக் காத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன வரவா போகிறேன், அந்த சீட்டுக்கு. குழந்தை கால் வலிக்க நிற்கிறாளே...

திறந்தேன். ஊழியர் குடும்பம், அனுமதிக்கப்படும் உறவுகள், கணவன், மனைவி, சொந்தப் பிள்ளைகள், கமிட்டி சொன்னபடியே. சேமித்தேன். பிறகு குருவியின் பெயருக்கு நேராக இருந்த நீக்கு என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் கேட்கும், தொலைபேசி எண்ணை மாற்றினால்கூடக் கேட்கும், இருந்தும் விரல் நின்றுவிட்டது, யாராவது ஒருவர் அன்றைக்கு, ஈரக் கையோடு அவர் நின்றபோது, அல்லது வக்கீல் வீட்டில், நிச்சயமாகவா என்று என்னிடம் கேட்டிருந்தால்... ஆம். அவர்கள் குடும்பத்தைத் திறந்து சேர்த்தேன், அப்பா, மனைவி, மகள், மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன, பல் டாக்டரின் கண் படத்திலும் நிறைந்துதான் இருந்தது. எல்லாம் பச்சை. திரும்பி என் பக்கத்துக்கு வந்தால் அங்கே சிவப்பு. குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டுமாம், ஒருவரை வைத்துக்கொண்டு குடும்பம் என்று சேமிக்க முடியாதாம், வேறு வகைக்கு மாற்றவும் என்றது. வேறு வகை எது, இங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் யாராவது இருக்கிறார்கள், தோட்டக்காரருக்கு ஆறு பேர், விசில் மாஸ்டருக்கு மாமியார்வரை, தனி ஊழியர் என்று ஒரு வகையை யாரும் கேட்டதே இல்லை. நானே உண்டாக்கினேன். ஊழியர், அடைப்புக்குள் தனி. விளக்கம் எழுதச் சொன்னது, வெறுமையாக விட்டேன், அதற்குச் சிவக்கவில்லை, நல்லவேளை. அட்டைக்கு ஒரு நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மிச்சம் இருந்தது பழுப்பும் ஊதாவும். ஒரு நிறத்துக்காக ஒரு மனுஷி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுவாளா, அழுதேன், சத்தம் வராமல், விசிறியை வேகமாக வைத்துவிட்டு. ஊதா போட்டேன்.

முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் குருவி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துண்டு தோளில், செருப்பு ஒரு கையில். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நிற்கிறாளா... தலையைத் துவட்டு என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லலாமா, சொல்லலாம், யாரும் சொல்லலாம், "தலையைத் துவட்டு" என்றேன். துவட்டினாள். கம்பி போட்ட பல் தெரியப் பேசினாள், "அப்பா கார்டுல போட்டாச்சா?" போட்டாச்சு என்றேன். புது அட்டை அச்சடித்து இன்னும் சூடாக இருந்தது, நீட்டினேன், வாங்கினாள், தன் படத்தைப் பார்க்கவில்லை. நேராக நின்றாள். வலது கால் கட்டைவிரலை இடது கால் விரல் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து, ஒரே மூச்சில் சொன்னாள்: "எந்தக் கார்டா இருந்தா என்ன, தண்ணி அதேதானே, நான் இங்கதானே வருவேன்." சொல்லி முடித்ததும் மூச்சு விட்டாள். ஆமாம் என்றேன். "ஆமா, அதேதான்." அவள் என் முகத்தை ஒரு தடவை, சீக்கிரமாக, டாக்டர் மருந்து கொடுத்துவிட்டுப் பார்ப்பார்களே அந்த மாதிரிப் பார்த்தாள், பிறகு போய்வரட்டுமா என்பது போலத் தலையைச் சாய்த்தாள், நானும் சாய்த்தேன், போய்விட்டாள், ஈரக் காலடிகள் வாசல்வரை.

மாறுவேடப் போட்டிக்கு, பள்ளிக்கூடப் பேச்சுக்கு, அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் நான். மனப்பாடமாக ஒன்றைச் சொல்லும்போது அந்தக் கட்டைவிரல் அப்படித்தான் போய் ஏறிக்கொள்ளும், அவளாக நினைத்துப் பேசும்போது ஏறாது. அப்படியென்றால் இதைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறாள். எங்கே வைத்து, காரிலா, குளியலறையிலா, தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டா, வார்த்தையை மாற்றி மாற்றி, எது எனக்கு வலிக்காது என்று பார்த்துப் பார்த்து... பதினொரு வயசு. அவள் என்னை மறந்துவிடுவாள் என்றுதான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன், கண்ணாடி வழியாக அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாவி கேட்கும்போது அவள் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டதைக்கூட எனக்கு நடந்ததாகவே நினைத்தேன். இப்போதும் பார், ஆமா, அதேதான் என்று நான் சொன்னதும் அவள் தோள் இறங்கியதே, நான் அதைக் கேட்டு ஆறுதலடைந்துவிட்டேன் என்று நம்பித்தானே போகிறாள். நம்பிக்கொண்டே போகட்டுமா, கூப்பிட்டு வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா, என்ன சொல்வது... கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று. இப்படிப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது, நானா.